காட்டுவதற்கென்று ஒரு செட்

அன்று காலை பதினொரு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

பாதுகாப்பு அலுவலர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். ஐம்பதை நெருங்கும் பெண். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்க மாட்டார். பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கேப்டன். சீருடையில் வரவில்லை. சாதாரணச் சட்டையில் பார்க்க, வங்கி வரிசையில் நிற்கும் ஆள் மாதிரி இருந்தார்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர். எங்களுக்குள் அவர் பெயர் பஞ்சு. என்ஜின் சத்தத்துக்காகக் காதில் அடைக்கும் பஞ்சை அலுவலகத்துக்குள் வந்த பிறகும் எடுக்க மாட்டார். நாம் சொன்னது அவருக்குக் கேட்டதா இல்லையா என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

மாமா. என் அக்காவின் கணவர். பதினேழு வருட மெக்கானிக். ஒரு விமானம் புறப்படலாம் என்று கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ளவர்.

நான். மாமாவின் கீழ் வேலை பார்த்த உதவி மெக்கானிக். சாட்சி என்று கூப்பிட்டிருந்தார்கள்.

மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் மூன்று இரும்புப் பின்கள், இரண்டு உறைகள், கருகிப்போன மூன்றாவது உறை. மொத்தம் ஆறு.

இன்னும் ஓர் ஆறு இருந்தது என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும்.

விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் விரல் பருமனில் மூன்று குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. எதிர்காற்று அதற்குள் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் விமானிக்குத் தன் வேகம் தெரியும். எங்கள் நிலையத்தில் குளவித் தொல்லை அதிகம். விமானம் இரண்டு மணி நேரம் சும்மா நின்றால் போதும், ஒரு குளவி அந்த ஓட்டைக்குள் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அதனால் விமானம் வந்து நின்றவுடன் மூன்று குழாய்க்கும் உறை மாட்டுவோம். சக்கரக் கால்கள் தவறி மடங்காமலிருக்க மூன்று பின் சொருகுவோம். ஆறிலும், பறக்கும் முன் கழற்று என்று அச்சடித்த சிவப்பு நாடா ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். துணை விமானி சுற்றி வந்து பார்வையிடுவது அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே கழற்றியாகிவிட்டது என்று கேப்டனுக்குத் தெரிய ஒரே ஒரு வழிதான். கீழேயிருந்து விமானியோடு பேச ஹெட்செட் போட்டிருக்கும் மெக்கானிக் விமானத்துக்கு முன்னால் வந்து நின்று, ஆறு நாடாவையும் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். கேப்டன் மேலே ஜன்னலில் விரல் விட்டு எண்ணிக் கட்டைவிரலைத் தூக்குவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆள் இருந்தால்.

மத்தியானம் இரண்டு மணிக்கு எங்களுக்கு அரை மணி நேரத்துக்குள் மூன்று விமானம் புறப்படும். ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் உறைகளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். இன்னொருவர் ஹெட்செட்டோடு மூக்குக்குக் கீழே நிற்க வேண்டும். கழற்றியதைக் காட்டுபவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடினால் ஐந்து நிமிடம் போகும். ஒரு நாள் பஞ்சு புத்தம்புதிய செட் ஒன்றைக் கொண்டுவந்து, விமானத்தைத் தள்ளும் டிராக்டரின் சீட்டுக்கடியில் போட்டார்.

"இது காட்டுறதுக்கு. கழட்டுறவன் கழட்டிட்டுப் போயிட்டே இருக்கட்டும்" என்றார்.

அதற்குக் காட்டுற செட் என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அதைத்தான் காட்டினோம். வெயில் படாமல் சீட்டுக்கடியில் கிடந்ததால் நாடா எப்போதும் இரத்தச் சிவப்பு. கேப்டன்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நிஜ செட்டை யாரும் தூக்கிக் காட்டாததால் அதன் நாடாக்களை யாரும் கவனிக்கவில்லை. வெளுத்தன, கிழிந்தன. ஓர் உறையின் நாடா மொத்தமாக அறுந்தே போனது. நாடா இல்லாத உறை, காய்ந்த சப்போட்டாத் தோல் நிறத்தில் ஒரு துணிக்குழாய். அதையும் மாட்டிக்கொண்டுதான் இருந்தோம். புதிதாகக் கேட்டால் ஏன், எதற்கு, யார் கிழித்தது என்று மூன்று படிவம்.

சம்பவத்தன்று கழற்றியது நான்.

மூன்று பின்னையும் உருவினேன். இடப்பக்கம் இரண்டு சிவப்பு தெரிந்தது, கழியால் இழுத்தேன். வலப்பக்கம் போனேன், அண்ணாந்து பார்த்தேன், சிவப்பாக எதுவும் இல்லை. கண் சிவப்பைத்தான் தேடியது. மாமா சில சமயம் வலப்பக்கத்து உறையை முன்கூட்டியே கழற்றிவிடுவார். அதுபோலத்தான் என்று பக்கத்து விமானத்துக்கு ஓடிவிட்டேன். மாமா காட்டுற செட்டிலிருந்து ஆறு நாடாவைத் தூக்கிக் காட்டினார். கேப்டன் கட்டைவிரலைத் தூக்கினார்.

வலப்பக்கத்து உறை குழாயிலேயே இருந்தது, குழாயின் சூட்டில் கருகிக்கொண்டு. துணை விமானியின் வேகமானியில் முள் எழும்பவில்லை. அதை அவர்கள் கவனித்து நிறுத்துவதற்குள் ஓடுபாதையில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். பிரேக் பழுத்து, டயர்கள் உட்கார்ந்து, சக்கரத்திலிருந்து புகை. கேப்டன் எல்லோரையும் சறுக்குப்பாதை வழியே இறங்கச் சொன்னார். சாவு இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இனி ஒழுங்காக நடப்பாரா என்று தெரியாது என்றார்கள்.

அன்று சாயங்காலமே பஞ்சு ஒரு பிளாஸ்டிக் பையை என்மேல் எறிந்தார். உள்ளே காட்டுற செட்.

"இத இல்லாமப் பண்ணிடு. நீ அந்த விமானத்துப் பக்கமே போகல. டூட்டித் தாள்ல உன் பேரு பக்கத்து விமானம் நிக்கிற பேலதான் இருக்கு. புரிஞ்சுதா?"

புரிந்தது. எண்ணெய்த் துணிகளைப் போடும் டிரம்மின் அடியில் பையைத் திணித்தேன். மறுநாள் விடிவதற்குள் எரிக்கும் வண்டி வந்து டிரம்மை அள்ளிக்கொண்டு போய்விட்டது. என்னிடம் எந்தப் பதற்றமும் இல்லை. டிரம்மைத் தூக்கும்போது வண்டிக்காரனுக்குக் கைகூடக் கொடுத்தேன்.

மாமாவுக்கு அது தெரியாது. பஞ்சு எங்கோ பத்திரப்படுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மாமாவிடம் பஞ்சு பேசியது வேறு. காட்டுற செட் வெளியே வந்தால் நிலையமே மூடப்படும், எல்லோருக்கும் அடி. அதற்குப் பதில் ஒருத்தர் தலையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. கேப்டன் ஆறு எண்ணினேன் என்கிறார். விமானத்தில் ஒன்று மாட்டியே இருந்தது. அப்படியானால் கையில் இருந்தது ஐந்து. ஆகவே மாமா ஒரே நாடாவை இரண்டு தடவை தூக்கிக் காட்டியதாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் சஸ்பெண்ட். பிறகு உதிரிபாகங்கள் வைக்கும் ஸ்டோரில் உட்கார வைப்பது பஞ்சுவின் பொறுப்பு.

மாமா பதினேழு வருடத்தில் ஒரு நாடாவையும் இரண்டு தடவை தூக்கியவர் அல்ல. அதனால் வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் நடந்தது அது. நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அங்கேதான் சோறு, அங்கேதான் படுக்கை. வேலையும் மாமா வாங்கிக் கொடுத்தது. அக்கா மேஜைக்கு அந்தப்பக்கம் நாற்காலி போட்டுக் கேப்டன் மாதிரி உட்கார்ந்தாள். மாமா ஐந்து கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"நீங்க ஏன் எண்ணுறீங்க? கேப்டன்தான எண்ணணும்?" என்றாள் அக்கா.

"சரிடி. நீயே எண்ணு."

தூக்கினார். ஐந்தாவதைக் கீழே இறக்கும்போது முதல் கரண்டியை நைசாக உருவி ஆறாவதாக உயர்த்தினார்.

"அந்த வளைஞ்ச கரண்டி ரெண்டு தடவ வந்துச்சு."

"உனக்குத் தெரிஞ்ச கரண்டி. அதான்."

"சரி, மறுபடி காட்டுங்க."

மறுபடியும் பிடித்தாள். நாலு தடவை செய்தார். நாலு தடவையும் பிடித்தாள். கடைசியில் மாமா கரண்டிகளை மேஜைமேல் போட்டார்.

"ஏமாத்துறதுக்கும் ஒரு டிரெயினிங் வேணும்போல. இவங்க நம்மள எல்லா டிரெயினிங்குக்கும் அனுப்பினாங்க, இதுக்கு மட்டும் அனுப்பல."

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அது சரி, அந்த உறைய கழட்டாம விட்டது யாரு?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தேன்.

"யாரோ ஒரு பய. ஆள் பத்தலன்னு அந்த ஷிஃப்ட்லேருந்து ஒருத்தன் இந்த ஷிஃப்ட்லேருந்து ஒருத்தன்னு அனுப்புறாங்க. யாருன்னு யாரு கண்டா" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமல்.

"அந்தப் பயல நீங்க ஏன் காப்பாத்தணும்?"

"அவனக் காப்பாத்தலடி. நான் கையெழுத்துப் போட்டவன். எப்படிப் பார்த்தாலும் என் தலைதான் முதல்ல. ஸ்டோராவது கெடைக்குதே."

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வளைந்த கரண்டி.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, விசாரணை அறைக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லிப் பஞ்சு என்னை அவர் அறைக்கு அனுப்பினார். பிரிண்டரில் அடுத்த மாத ரோஸ்டர் கிடந்தது. எந்த ஷிஃப்டில் யார் என்று எல்லோருக்கும் தெரிய ஒட்டும் தாள். ரோஸ்டரைக் கண்டால் தன் பெயரைத் தேடாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது. என் பெயர் வழக்கமான இடத்தில் இல்லை. மேலே போயிருந்தது. ஹெட்செட் வேலையில், மாமாவின் வரிசையில் என் பெயர். மாமாவின் பெயர் எங்கேயும் இல்லை. ஸ்டோர் என்ற வரிசையில் பஞ்சுவின் சித்தப்பா மகன். ரோஸ்டருக்கு அடியில் இன்னொரு தாள். மாமாவின் பணி இன்றோடு முடிகிறது என்று அடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தது.

இரண்டையும் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பத்தே முக்காலுக்கு மாமா வந்தார். அக்கா இஸ்திரி போட்ட சட்டை. தாழ்வாரத்தில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"மச்சான், ரெண்டாவது தடவ தூக்குறது எதுன்னு சொன்னேன்?"

"இடது பக்கத்து உறை."

"ஆங். இடது பக்கம்." ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். "மூணு மாசம் வீட்ல இருக்கப் போறேன். உங்கக்காவுக்குத்தான் பைத்தியம் புடிக்கப் போகுது. எதுக்கும் அந்தக் குழாய் ஒழுகுறத மெதுவா சரி பண்றேன். ஒரே நாள்ல பண்ணிட்டா அப்புறம் வேல இல்லாம நிப்பேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஸ்டோர் இல்லை, ஒன்றும் இல்லை, கடிதம் அடித்தாகிவிட்டது என்று ஒரு வரி. சொல்லியிருந்தால் மாமா உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருப்பார். உண்மை என்றால் முழுசாக வரும். காட்டுற செட் வரும். அதோடு, கழற்றாமல் விட்டது யார் என்பதும் வரும். அதை நான் கணக்குப் போட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தில் வாய் அடைத்துவிட்டது என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்.

கதவைத் திறந்து கூப்பிட்டார்கள்.

மாமா பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். பாதுகாப்பு அலுவலர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்தார்.

"ஒரே நாடாவ ரெண்டு தடவ தூக்கினீங்க."

"ஆமா மேடம்."

"ஏன்?"

"எண்ணிப் பார்த்தப்போ கையில அஞ்சுதான் இருந்துச்சு. ஒண்ணு கீழ விழுந்திருக்கும்னு நெனச்சேன். தேடினா லேட்டாகும்."

அவர் மேஜைமேல் இருந்த மூன்று பின்னையும் இரண்டு உறையையும் மாமா பக்கம் தள்ளினார்.

"காட்டுங்க. கேப்டன் எண்ணட்டும்."

மாமா எழுந்தார். ஒன்று, இரண்டு என்று தூக்கினார். முதல் உறையின் நாடா நுனியில் நார்நாராகப் பிரிந்திருந்தது. இரண்டாவது வெளுத்து இளஞ்சிவப்பாகப் போயிருந்தது. அதில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஐந்து முடிந்து, இடப்பக்கத்து உறையை ஆறாவதாகத் தூக்கினார். அக்காவாக இருந்தால் பிடித்திருப்பாள்.

கேப்டன் எண்ணவே இல்லை. நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்லியே. நான் பார்த்தது புதுசா இருந்துச்சு. பளிச்சுன்னு சிவப்பு."

பஞ்சு இடக்காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அவர் பஞ்சை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மத்தியான வெயில் சார். மேலேருந்து பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். ஆறு எண்ணினீங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அத மாத்தினா, ஒழுங்கா பார்க்காமக் கட்டைவிரலத் தூக்கினீங்களான்னு உங்களையும் கேப்பாங்க."

கேப்டன் மேஜை விளிம்பைத் தடவினார். அவருக்கும் ஒரு லைசென்ஸ் இருந்தது.

"இருக்கலாம். வெயில்" என்றார்.

பாதுகாப்பு அலுவலர் கருகிய உறையைக் கையிலெடுத்து விளக்குப் பக்கம் திருப்பினார்.

"இதுல நாடா அறுந்த இடம் பழசு. அழுக்கு ஏறியிருக்கு. அன்னைக்குக் காத்துல பிஞ்சது இல்ல." யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இங்க எவ்வளவு நாளா வேல பார்க்கறீங்க?"

"ரெண்டு வருஷம் மேடம்."

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"பக்கத்து பேல மேடம்."

"இது தவிர வேற செட் ஏதாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

எழுதிக்கொண்டார். மாமா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எல்லாம் சொன்னபடி நடக்கிறது என்று நினைத்தார். வாக்குமூலத்தைத் தள்ளியதும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அலுவலர் அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தவறிப் போச்சுன்னு சொல்லியிருந்தா நான் எழுதுறது வேற மாதிரி இருக்கும். இது தவறினது இல்ல, தெரிஞ்சே ஏமாத்தினது. லைசென்ஸ ரத்து பண்ணச் சொல்லித்தான் அனுப்பணும். திரும்பக் கெடைக்காது."

மாமா பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். காலையில் நான் பார்த்த அதே தாள்.

"நிறுவனமும் முடிவு பண்ணிடுச்சு. இன்னையோட கணக்கு முடிஞ்சுது. பாஸக் குடுத்துடு."

"சார், ஸ்டோர்னு சொன்னீங்களே."

பஞ்சு எடுத்த பஞ்சை மறுபடியும் காதில் சொருகிக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஸ்டோர் சார். மூணு மாசத்துல..."

"என்ன ஸ்டோர்?"

மாமாவின் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அழவில்லை. டிராக்டர் பிரேக் பிடிக்காதபோது டிரைவரின் முகம் போகுமே, அப்படிப் போனது. எழுந்து நின்றார்.

"மேடம், நான் சொன்னது பொய். ரெண்டு தடவ எல்லாம் தூக்கல. காட்டுறதுக்குன்னே ஒரு செட் இருக்கு. இவருதான் கொண்டாந்து வெச்சாரு. டிராக்டர் சீட்டுக்கடியில இருக்கும். கேப்டன் சார் சொன்னாரே புது நாடான்னு, அதுதான். ஒரு வருஷமா அதத்தான் எல்லாரும் காட்டுறோம்."

"சீட்டுக்கடியில நேத்தே பார்த்துட்டேன். கிரீஸ் டப்பா இருந்துச்சு" என்றார் அலுவலர்.

"இவருகிட்ட இருக்கும் மேடம்."

"எனக்கும் அப்படி ஒண்ணு இருக்கும்னுதான் தோணுது. ஆனா நீங்க இப்பதான் வேற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க வார்த்தைய மட்டும் வெச்சு என்னால மாத்த முடியாது." மேஜையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். "இந்த ரூம்ல இன்னும் ஒருத்தர் ஆமான்னு சொன்னா போதும். இந்தப் பேப்பரக் கிழிச்சுட்டு மொதல்லேருந்து எழுதுறேன்."

கேப்டன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சுவுக்குக் காது கேட்கவில்லை.

"இவனக் கேளுங்க மேடம். இவன் என் மச்சான், பொய் சொல்ல மாட்டான். டேய், சொல்லுடா" என்றார் மாமா.

அலுவலர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் மாமாவின் லைசென்ஸ் பிழைத்திருக்கும். ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அடுத்த கேள்வி, அப்படியானால் கழற்றியது யார் என்று வந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். கழற்றாமல் விட்டது இவன்தான் என்று அப்போதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. அலுவலர் மூடியை அழுத்தி, பேனாவைச் சட்டைப்பையில் சொருகி, காகிதங்களை அடுக்கி முடிக்கும்வரை இருந்தது. சொல்லவில்லை. பெரிய மனசு என்று நான் நினைக்கவில்லை. சொன்னால் அக்காவிடம் என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். இல்லாவிட்டால் என்னைப் பார்க்கவே பிடிக்காமல் போயிருக்கும்.

பாஸ் இல்லாத ஆள் நிலையத்துக்குள் தனியாக நடக்கக் கூடாது. பாஸ் உள்ள ஒருவர் கூடவே போய் வெளியே விட்டு, ஊழியர் வாசல் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பஞ்சு சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீயே போ. சொந்தக்காரன், சத்தம் போட மாட்டாரு."

மாமா தன் அலமாரியைக் காலி பண்ணினார். ஒரு டார்ச், ஒரு மழைக்கோட்டு, பாதி தீர்ந்த தலைவலித் தைலம். மழைக்கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். படிக்கட்டில் இறங்கும்போது எதிரில் வந்த லோடர்கள் இரண்டு பேர், "என்ன அண்ணே, லீவா?" என்றார்கள். "ஆமாப்பா, நீண்ட லீவு" என்றார்.

கதவுப் பக்கத்துச் சுவரில் அறிவிப்புப் பலகை. புது ரோஸ்டரை அதற்குள் ஒட்டிவிட்டிருந்தார்கள். போகிற போக்கில் மாமாவின் கண் அதற்குப் போனது. பதினேழு வருடப் பழக்கம். விரலை வைத்துத் தன் வரிசையைத் தேடினார். விரல் என் பெயரில் நின்றது. அங்கிருந்து தாளின் அடிக்கு இறங்கியது. அடித்த தேதியும் நேரமும் சின்ன எழுத்தில் இருக்கும்.

"நேத்து சாயங்காலம் அஞ்சே கால்" என்று படித்தார். "நான் கரண்டி தூக்கிட்டு இருந்தப்போ."

நான் இரும்புக் கதவின் பூட்டில் சாவியை நுழைத்தேன்.

"நீ எப்ப பார்த்த இத?"

"காலையில."

"நான் தண்ணி குடிச்சப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

தலையாட்டினார். ஏதோ ஒரு பழுதுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படி.

"அந்த செட் எங்க இருக்கு? அந்தப் பஞ்சு எங்க வெச்சிருக்கான்? அது கெடைச்சா நான் அந்தம்மாவப் போய்ப் பார்ப்பேன். அது ஒண்ணு போதும்."

"இல்ல மாமா."

"இல்லன்னா?"

"எரிச்சாச்சு. நான்தான் துணி டிரம்ல போட்டேன்."

"எப்போ?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே" என்றார். மழைக்கோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அன்னைக்கு ராத்திரி நீ எம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட. பயப்படாத மச்சான், உன் பேரு வராதுன்னு நான் சொன்னேன். சரி மாமான்ன."

கதவைத் திறந்தேன். வெளியே வண்டி நிறுத்துமிடம். வெயில் கண்ணைக் குத்தியது. மாமா வாசலைத் தாண்டி ஒரு படி இறங்கினார். பிறகு திரும்பிக் கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவி."

"மாமா..."

"குடு."

"அக்காகிட்ட என்ன சொல்வீங்க?"

"நான் சொல்லிக்கிறேன். நீ வாய் தொறக்காத. அதான் உனக்கு நல்லா வருதே."

சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்ற நேரம் எடுத்தது. வளையம் இறுக்கமானது, நகம் பெயர்ந்தது. மாமா கையை நீட்டியபடியே நின்றார், உதவி செய்யவில்லை. கொடுத்ததும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கிறாரா என்று நான் பார்க்கவில்லை. பின்னால் ஒரு விமானம் என்ஜினைக் கிளப்பியது. இரண்டு மணி விமானங்களுக்கு, மாமாவுக்குப் பதில் எனக்கு ஹெட்செட் வேலை இருந்தது.

கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன். பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.